எந்தப் பூஞ்சையைத் தேடினார்கள் என்று கேளுங்கள்

2021 கோடையில் எங்கள் லேப் கவுண்டரில் ஓயாமல் வந்த கேள்வி ஒன்று: "மேடம், கருப்புப் பூஞ்சை இருக்கான்னு ரத்தத்துல பார்த்துச் சொல்லிடுவீங்களா?" நோயாளி கொரோனாவிலிருந்து இப்போதுதான் மீண்டிருப்பார். சர்க்கரை எகிறியிருக்கும், ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கும். கூட வந்த மகனோ மனைவியோ பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் துணிக்கடைப் பையில் போட்டு எடுத்து வந்திருப்பார்கள். அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது என்று நான் சொன்னால் சிலர் நம்பவே மாட்டார்கள். "வெளியில ஃபங்கல் டெஸ்ட்டுன்னு எடுத்து நெகட்டிவ்னு குடுத்திருக்காங்களே" என்று தாளை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் அதில் கேலக்டோமன்னன் என்று இருக்கும், இல்லையென்றால் பீட்டா-டி-குளுக்கான் என்று இருக்கும்.

இரண்டும் நல்ல பரிசோதனைகள்தான். ஆனால் கருப்புப் பூஞ்சை என்று ஊரெல்லாம் பேசப்பட்ட மியூக்கர் வகைப் பூஞ்சைகளை இரண்டுமே பிடிக்காது. அந்த வருடம் இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் அந்த நோய் வந்தது. நெகட்டிவ் என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டில் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கண்ணையும் தாடையையும் பணயம் வைத்த நாள். அந்த நோயைக் கண்டுபிடிக்க மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கருத்த சதையைக் கிள்ளி எடுத்து, கேஓஹெச் கரைசல் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அகலமான, நாடா போன்ற, அதிகம் தடுப்புச்சுவர் இல்லாத இழைகள் தெரிந்தால் அதுதான். வேறு குறுக்கு வழி அன்று இல்லை.

அப்போதிலிருந்தே இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. பூஞ்சைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள் என்று யாராவது சொன்னால், என்ன ரிசல்ட் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பூஞ்சையைத் தேடினார்கள் என்று கேட்க வேண்டும். நோயாளியின் வீட்டார் மட்டுமல்ல, வார்டிலிருந்து சாம்பிள் அனுப்பும் இளம் டாக்டர்களும் இதைக் கேட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

முதலில் ஆன்டிஜன் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சைக்குத் தடித்த சுவர் உண்டு, சிலவற்றுக்கு அதற்கு மேல் ஓர் உறையும் உண்டு. இவை பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனவை. பூஞ்சை உடம்புக்குள் வளரும்போது அந்தச் சங்கிலிகளின் துண்டுகள் உதிர்ந்து ரத்தத்தில் கலக்கின்றன. அந்தத் துண்டைத் தேடுவதுதான் ஆன்டிஜன் பரிசோதனை. அதற்குப் பதில் நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடலாமே என்று கேட்கலாம். ஆனால் இந்த நோய்கள் வருவதே பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டவர்களுக்கு. கீமோ எடுத்து வெள்ளணு சரிந்தவர், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர், எச்ஐவி முற்றியவர் ஆகியோரின் உடம்பு ஆன்டிபாடி செய்யும் நிலையில் இருக்காது. சரி, ரத்தத்தைக் கல்ச்சர் போட்டு வளர்க்கலாம் என்றால், நுரையீரலைத் தின்றுகொண்டிருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகூட ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் அநேகமாக வளரவே வளராது. கேண்டிடா என்ற பூஞ்சை வளரும். ஆனால் உள்ளே ஆழமாக இறங்கிய கேண்டிடாவில் பாதியை ரத்தக் கல்ச்சர் தவறவிட்டுவிடும். அதனால்தான் உதிர்ந்த துண்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கேலக்டோமன்னன் ஆஸ்பர்ஜில்லஸின் சுவரிலிருந்து வருவது. லேப்பில் இதைச் செய்வதைப் பார்த்தால் ஒரு விஷயம் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சீரத்தோடு ஈடிடிஏ கரைசலைச் சேர்த்து, முதலில் கொதிக்கிற சூட்டில் சில நிமிடம் வைத்துவிடுவோம். குழாய்க்குள் சீரம் வெந்து, முட்டை வெள்ளை மாதிரி கட்டிவிடும். அதை வேகமாகச் சுழற்றினால் புரதமெல்லாம் அடியில் உட்கார, மேலே தெளிந்த நீர் கொஞ்சம் நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். புரதம் வெந்து போனாலும் இந்தச் சர்க்கரைச் சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தெளிநீரைத் தட்டின் குழிகளில் விட்டு, ஆன்டிபாடி சேர்த்து, ஒன்றரை மணி நேரம் உடல் சூட்டில் வைத்து, கழுவி, நிறம் வரவைத்துக் கருவியில் படிப்போம். வரும் எண்ணை கட்-ஆஃப் கண்ட்ரோலின் எண்ணால் வகுத்தால் இன்டெக்ஸ் கிடைக்கும். கிட் சொல்லும் எல்லை 0.5. ஆராய்ச்சிகளுக்காக 2020-ல் வெளியான சர்வதேச வரையறையில் ரத்தத்துக்கு 1.0 என்று இன்னும் இறுக்கமாக வைத்தார்கள்.

0.5-க்கும் 1.0-க்கும் நடுவில் வரும் ரிப்போர்ட்டுகள்தான் தலைவலி. 0.6 என்று வந்தால் அது ஆமாவா இல்லையா? பதில் எண்ணில் இல்லை, ஆளில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு பத்து நாளாக எழும்பாமல், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சலோடு, சிடி ஸ்கேனில் நுரையீரலில் முடிச்சு தெரியும் ஒருவருக்கு 0.6 என்றால் நான் உடனே வார்டுக்குப் போன் போடுவேன். பூஞ்சைத் தடுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சலே இல்லாமல் இருப்பவருக்குச் சும்மா பார்த்த பரிசோதனையில் அதே 0.6 வந்தால், அது பெரும்பாலும் பொய் பாசிட்டிவ்தான். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாக இதைப் பார்க்க வேண்டாம் என்று 2016-ல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. அவர்களுக்கு நோய்க்கான வாய்ப்பே குறைவு. வரும் பாசிட்டிவ்களில் பெரும்பங்கு பொய்யாக இருக்கும்.

பொய் பாசிட்டிவ் எங்கிருந்தெல்லாம் வரும் என்பது தனிக் கதை. பிப்பராசிலின்-டாசோபேக்டம் ஊசி பல வருடங்களுக்குப் பெயர் வாங்கிய குற்றவாளி. பென்சிலியம் பூஞ்சையின் வழியில் வரும் மருந்து என்பதால் அந்தச் சர்க்கரைத் துண்டு கூடவே வந்துவிடும். இப்போதைய தயாரிப்புகளில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. குளுக்கோனேட் கலந்த சில ஏற்றுநீர்களும் அப்படித்தான். 2013-ல் பிரான்ஸிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. வாய்ப்புண்ணோடு இருந்த புற்றுநோய் நோயாளி ஒருவருக்கு விடாமல் பாசிட்டிவ் வந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், வாய் எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கொடுத்த குச்சி ஐஸில் இருந்த சோடியம் குளுக்கோனேட்தான் காரணம். அதைப் படித்ததிலிருந்து, கணக்குக்கு ஒத்துவராத பாசிட்டிவ் வந்தால் என்ன மருந்து ஏறுகிறது என்பதோடு என்ன சாப்பிட்டார் என்றும் வார்டில் கேட்டுவிடுவேன்.

பொய் நெகட்டிவும் உண்டு. நியூட்ரோஃபில் சரியாக இருக்கும் ஆளின் ரத்தத்திலிருந்து இந்தத் துண்டு சீக்கிரமே துடைத்தெடுக்கப்பட்டுவிடும். கொரோனா ஐசியூவில் ஆஸ்பர்ஜில்லஸ் பிடித்தவர்களில் பலருக்கு ரத்தத்தில் நெகட்டிவாகவே வந்ததற்கு இது ஒரு காரணம். அவர்களுக்கு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் எடுப்பதற்கு முன்பே பூஞ்சை மருந்து தொடங்கிவிட்டாலும் எண் இறங்கிவிடும்.

இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. தட்டில் ஓட்டும் பரிசோதனை என்பதால், ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல்களுக்கே சில குழிகள் போய்விடும். ஒரே ஒரு சாம்பிளுக்காக ஓட்டினால் செலவு கட்டுபடியாகாது. அதனால் பல இடங்களில் சாம்பிள் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காகவே வந்த பரிசோதனை ஃப்ரிட்ஜில் உட்கார்ந்து நாளைத் தின்றுகொண்டிருக்கும். இப்போது ஒற்றைச் சாம்பிளை ஓட்டும் கிட்டுகளும் ஸ்ட்ரிப்களும் வந்துவிட்டன. இந்தப் பரிசோதனையைத் தொடங்க நினைக்கும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் முதலில் அவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

பீட்டா-டி-குளுக்கான் வேறு மாதிரி. அது எந்தப் பூஞ்சை என்று பெயர் சொல்லாது. கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ், நிமோசிஸ்டிஸ் என்று பலவற்றின் சுவரில் உள்ள பொதுச் சரக்கு அது. வீட்டில் புகை வாசனை வருகிறது என்று சொல்லும், எந்த அறையில் என்று சொல்லாது. மியூக்கரின் சுவரில் இது வெகு சொற்பம். கிரிப்டோகாக்கஸையும் இதை நம்பித் தேட முடியாது.

இந்தப் பரிசோதனையின் வேர் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தில் இருக்கிறது. பாக்டீரியா பட்டால் அந்த ரத்தம் உறைந்துவிடுகிறது என்று 1956-ல் ஃப்ரெடெரிக் பேங் எழுதினார். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை அது. பிறகு ஜாக் லெவினோடு சேர்ந்து அவர் கண்டதிலிருந்துதான் ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை பிறந்தது. அந்த முறையில் நச்சே இல்லாத இடத்தில்கூட சிலசமயம் உறைதல் நடந்தது. ஏன் என்று துருவிய ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர், நண்டின் ரத்தத்தில் குளுக்கானுக்கென்றே தனியாக ஓர் உறைதல் பாதை இருப்பதை 1981-ல் காட்டினார்கள். ஒரு பரிசோதனையைக் குழப்பிய தொந்தரவு இன்னொரு பரிசோதனையாகிவிட்டது. ஜப்பானில் அது முதலில் புழக்கத்துக்கு வந்தது, அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. அந்த அமெரிக்கக் கிட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 பிகோகிராமுக்குக் கீழே என்றால் நெகட்டிவ், 80-ம் அதற்கு மேலும் பாசிட்டிவ், நடுவில் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்த ஒரு பங்கு. அந்த அளவில் தேடும்போது பஞ்சு நூல்கூடப் பகைதான். குளுக்கான் செடிகளிலும் உண்டு. அறுவை சிகிச்சையில் வைத்த காஸ் துணி, டயாலிசிஸில் செல்லுலோஸ் வடிகட்டி, ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏற்றியது என எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். ஐசியூ நோயாளிக்கு இதில் ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்குமா? அதனால் பாசிட்டிவ் வந்தால் பாதி சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நெகட்டிவ் வந்தால்தான் இதன் மதிப்பு. கேண்டிடாவோ நிமோசிஸ்டிஸோ இருக்கும் என்று பயந்துகொண்டிருந்த டாக்டருக்கு, பூஞ்சை மருந்தை நிறுத்தலாமா என்று யோசிக்க அது தைரியம் தரும்.

இனி நான் உண்மையாகவே எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன்.

கிரிப்டோகாக்கஸ் என்பது மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஓர் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அதைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கும். மூளைக்காய்ச்சல் வந்தவரின் முதுகில் எடுத்த தண்ணீரில் ஒரு சொட்டு இந்தியா இங்க் கலந்து பார்த்தால், கருப்புப் பின்னணியில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அந்த உறையின் சர்க்கரைதான் ரத்தத்தில் கலக்கிறது, அதுவும் ஏராளமாக. 1960-களிலேயே லேட்டக்ஸ் மணிகளை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழி வந்துவிட்டது. பிறகு நெவாடா பல்கலைக்கழகத்தின் தாமஸ் கோசல் உருவாக்கிய ஆன்டிபாடிகளைக் கொண்டு ஒரு ஸ்ட்ரிப் தயாரானது. அமெரிக்காவில் அதற்கு 2011-ல் அனுமதி.

சின்னக் குழாயில் கரைசல் ஒரு சொட்டு. அதில் 40 மைக்ரோலிட்டர் சீரம். ஸ்ட்ரிப்பை நிறுத்தி வைத்தால் பத்து நிமிடம். கண்ட்ரோல் கோடு ஒன்று, அதற்குக் கீழே இன்னொரு கோடு வந்தால் பாசிட்டிவ். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அறைச் சூட்டிலேயே பெட்டியை வைத்துக்கொள்ளலாம். கருவி வேண்டாம். மேலே சொன்ன இரண்டு பரிசோதனைகளின் சந்தேகங்களில் பெரும்பாலானவை இதற்குக் கிடையாது. பாசிட்டிவ் என்றால் அநேகமாக நோய்தான், நெகட்டிவ் என்றால் அநேகமாக இல்லைதான். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆன்டிஜன் மிக மிக அதிகமாக இருந்தால் கோடு மங்கிவிடும், சிலசமயம் காணாமலேகூடப் போகும். நோயாளியின் நிலைமைக்கு ரிசல்ட் ஒத்துவரவில்லை என்றால் சீரத்தை நீர்க்கவைத்து மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் நேரம். உகாண்டாவில் எச்ஐவி உள்ளவர்களிடம் எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னால் சோதித்தபோது, மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தொடங்குவதற்கு முன்பே ஆன்டிஜன் ரத்தத்தில் இருந்தது தெரிந்தது. நடுநிலைக் கணக்கில் 22 நாள் முன்பு, சிலருக்கு மாதக்கணக்கில் முன்பு. 2002-ல் வெளியான ஆய்வு அது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை, கழுத்து விறைப்பு இல்லை. ஆள் நடந்து வந்து மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார். ரத்தத்தில் மட்டும் செய்தி வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் பிடித்துவிட்டால் ஃப்ளூகோனசோல் மாத்திரையால் மூளைக்காய்ச்சலையே தடுத்துவிட முடியும். தவறவிட்டால் ஆம்போடெரிசின், தினமும் முதுகில் தண்ணீர் எடுத்து மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைப்பது, அதற்கு மேலும் பலர் பிழைப்பதில்லை. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் சுமார் 1,12,000 பேர் எச்ஐவியோடு சேர்ந்த இந்த மூளைக்காய்ச்சலால் இறக்கிறார்கள் என்று 2022-ல் ஒரு கணக்கு வந்தது. எய்ட்ஸ் சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

அதனால்தான் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே இருக்கும் எச்ஐவி நோயாளிகள் எல்லோருக்கும், முடிந்தால் 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை தொடங்குவதற்கு முன்னால். இந்த "முன்னால்" முக்கியம். மூளையில் கிரிப்டோகாக்கஸ் உள்ளவருக்கு ஏஆர்டியை அவசரப்பட்டுத் தொடங்கினால், திரும்பி எழும் எதிர்ப்புச் சக்தியே மூளையை வீங்க வைத்துவிடும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், தள்ளித் தொடங்கியவர்களில் 30 சதவீதம். நல்லது செய்வதாக நினைத்துக் கொடுக்கும் மாத்திரை எப்போது கொடுக்கலாம் என்பதைப் பத்து நிமிட ஸ்ட்ரிப் சொல்கிறது.

இதில் தென்னாப்பிரிக்கா செய்ததை நினைத்து நான் பலமுறை மெச்சியிருக்கிறேன். அங்கே அரசு லேப்களை ஒரே அமைப்பு நடத்துகிறது. 2016-ல், சிடி4 பார்க்க வந்த ரத்தத்தில் எண்ணிக்கை 100-க்குக் கீழே இருந்தால், யாரும் கேட்காமலேயே அதே குழாயில் மிச்சம் இருப்பதில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜனையும் பார்த்துவிடத் தொடங்கினார்கள். டாக்டர் ஞாபகம் வைத்து எழுத வேண்டியதில்லை. நோயாளி இன்னொரு முறை பஸ் ஏறி வந்து கையை நீட்ட வேண்டியதில்லை. லேப்பில் வேலை பார்க்கும் எனக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். குழாய் இங்கேதான் இருக்கிறது, ரத்தம் மிச்சம் இருக்கிறது, ஸ்ட்ரிப் பெட்டி அலமாரியில் இருக்கிறது, ஆனால் சீட்டில் எழுதவில்லை என்பதற்காக அந்தக் குழாய் மறுநாள் சிவப்புக் கழிவுப் பைக்குப் போய்விடுகிறது. சிடி4 பார்ப்பவர் ஒருவர், ஸ்ட்ரிப் வைப்பவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவில் ஒரு வராந்தா. இந்த வராந்தாவைக் கடக்க ஒரு நிரந்தர உத்தரவு போதும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் யாராவது இதைப் படித்தால் உங்கள் மைக்ரோபயாலஜி துறையிடம் இந்த வாரமே பேசிப் பாருங்கள்.

லேப் மட்டும் செய்தால் போதாது என்பதும் உண்மை. பாசிட்டிவ் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் கிடந்து, ஆள் ஊருக்குப் போய்விட்டால் என்ன பயன்? தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், இந்தப் பரிசோதனையோடு முதல் சில வாரங்களுக்கு ஒருவர் வீடு தேடிப் போய் மாத்திரையும் கொடுத்து விசாரித்துவிட்டும் வந்தார். முற்றிய எச்ஐவி உள்ளவர்களின் சாவு 28 சதவீதம் குறைந்தது. ஸ்ட்ரிப்பும் அந்த ஆளும் சேர்ந்துதான் அதைச் சாதித்தார்கள். நம் ஏஆர்டி மையங்களில் நோயாளியின் பெயர் சொல்லி அழைத்து, போன் எடுக்காவிட்டால் தேடிப் போகும் கவுன்சிலர்களும் களப்பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே இங்கே அது நடக்காது என்று சொல்வதற்கில்லை.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அடுத்து முதுகில் தண்ணீர் எடுக்கச் சொல்வார்கள். "தலைவலியே இல்லையே, எதுக்கு முதுகுல குத்தணும்?" என்று பெரும்பாலானவர்கள் மறுப்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் கிருமி மூளைக்குப் போய்விட்டதா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். போயிருந்தால் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி, போகவில்லை என்றால் வீட்டில் மாத்திரை. ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிஜன் என்பதும் ஒரு துப்பு. சீரத்தை 160 மடங்குக்கு மேல் நீர்க்கவைத்த பிறகும் கோடு வருகிறது என்றால், மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது முதுகில் தண்ணீர் எடுக்க மறுப்பு சொல்லவே கூடாது.

எச்ஐவி இல்லாதவர்களுக்கும் இது வரும். சிறுநீரகம் மாற்றியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ஈரல் சுருங்கியவர்கள். வாரக்கணக்கில் விடாத தலைவலியோடு இவர்களில் யாராவது வந்தால் ஸ்ட்ரிப்பை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் பயந்துபோய் வருகிறார்கள். சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும் இந்த ஆன்டிஜன் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து ஸ்ட்ரிப்பில் கோடு வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. குணமாகிவிட்டதா என்று பார்க்க இதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். தலைவலியோ காய்ச்சலோ புதிதாக வந்தால் டாக்டரிடம் போங்கள், அவர் முதுகில் எடுக்கும் தண்ணீரைக் கல்ச்சர் போட்டுப் பார்ப்பார். மற்றபடி அந்தக் காசை மாத்திரை விடாமல் வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.